லோக்கல்ஹோஸ்ட்டில் தமிழ்த் தளம்: ஸாம்ப் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பி.எச்.பி கோப்பை டபுள் கிளிக் செய்தால் நிரல் அப்படியே தெரிகிறது.

பதில்: பி.எச்.பி நிரலை இயக்குவது சர்வர் தம்பி, பிரவுசர் அல்ல. அப்பாச்சி என்ற அந்தச் சர்வரையும், பி.எச்.பியையும், டேட்டாபேஸையும் உங்கள் கணினியிலேயே ஒன்றாக நிறுவித் தரும் தொகுப்புதான் ஸாம்ப். கோப்பை ஸாம்ப்பின் ஹெச்டிடாக்ஸ் ஃபோல்டரில் போட்டு, உங்கள் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் முகவரி வழியாகத் திறங்கள்.

கேள்வி: அப்பாச்சி ஸ்டார்ட் ஆன கையோடு நின்றுவிடுகிறது. விண்டோஸ் 10.

பதில்: அப்பாச்சிக்கு வேண்டிய போர்ட் 80-ஐ (சர்வர் வழக்கமாகப் பயன்படுத்தும் வாசல் எண்) வேறு ஏதோ பிடித்திருக்கும், பெரும்பாலும் விண்டோஸின் சொந்தச் சர்வரான ஐஐஎஸ். ஸாம்ப் கன்ட்ரோல் பேனலில் நெட்ஸ்டாட் பொத்தானை அழுத்தினால் யார் என்று தெரிந்துவிடும். அதை நிறுத்துங்கள், முடியாவிட்டால் அப்பாச்சியின் கான்ஃபிக் கோப்பில் 80-ஐ 8080 ஆக்குங்கள். அப்புறம் முகவரியிலும் 8080 சேர்க்க வேண்டும்.

கேள்வி: சார், டேட்டாபேஸில் தமிழ் சேமித்தால் வெறும் ????? வருகிறது. பழையதை மீட்க முடியுமா?

பதில்: தமிழில் தளம் செய்கிற பலரும் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். டேபிளிலேயே கேள்விக்குறி இருந்தால், அது பெரும்பாலும் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 குறியீட்டில் உருவான டேபிள். அதில் தமிழுக்கு இடமே இல்லை. சேமித்த நொடியிலேயே எழுத்து போய்விட்டது. மீட்க முடியாது, மறுபடி உள்ளிடத்தான் வேண்டும். கேள்விக்குறிக்குப் பதில் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வந்தால் பயப்படாதீர்கள். அங்கே இணைப்பின் அமைப்புதான் தவறு, பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். டேட்டாபேஸ், டேபிள், இணைப்பு மூன்றையும் எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள யூடிஎஃப்8எம்பி4 குறியீட்டில் வையுங்கள். வெறும் யூடிஎஃப்8 என்பது மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஓர் எழுத்துக்கு 3 பைட்டோடு சரி. தமிழ் எழுத்து அதில் அடங்கும், இமோஜிக்கு 4 வேண்டும். யாராவது ஒரு சிரிப்பு முகம் போட்டால் வாக்கியம் அங்கேயே அறுந்துபோகும், அல்லது பிழை வரும்.

கேள்வி: பெயர் 10 எழுத்துக்குள் என்று விதி வைத்தேன். 'கவிதா' என்று போட்டாலே ஏற்க மறுக்கிறது!

பதில்: நீளம் அளக்கும் பி.எச்.பி கட்டளையான ஸ்ட்ர்லென் எழுத்தை அல்ல, பைட்டை எண்ணுகிறது. 'கவிதா' அதற்கு 15. எம்பி_ஸ்ட்ர்லென் 5 என்று சொல்லும், கொக்கியையும் காலையும் தனியாக எண்ணுவதால். நாம் பார்க்கிற 3 வேண்டுமென்றால் கிராஃபீம்_ஸ்ட்ர்லென். அதற்கு பி.எச்.பி.இனி (php.ini) என்ற அமைப்புக் கோப்பில் இன்ட்ல் (intl) வரியின் முன்னால் இருக்கும் அரைப்புள்ளியை எடுத்துவிட்டு அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: டேட்டாபேஸின் முதன்மைப் பயனரான ரூட்டுக்குப் பாஸ்வேர்டு இல்லையே, பரவாயில்லையா?

பதில்: உங்கள் கணினிக்குள் மட்டும் என்றால் சரி. ஸாம்ப்பை அப்படியே இணையத்தில் ஏற்றவே கூடாது.

கேள்வி: லோக்கலில் ஓடிய தளம், ஹோஸ்டிங்கில் ஏற்றியதும் கோப்பு இல்லை என்கிறது.

பதில்: ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. டேபிள் பெயருக்கும் இதே கதைதான். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்திலேயே மாற்றிவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள்.