பீன்ஸ் பானையில் புளிப்பு வேண்டாம்

கேள்வி: மெக்சிகோவில் மெரிடாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனபோது, கறுப்பு பீன்ஸும் பன்றிக்கறியும் சேர்ந்து வெந்த குழம்பு சாப்பிட்டேன். ஊருக்கு வந்து தக்காளி, எலுமிச்சை போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டேன். கறி குழைந்துவிட்டது, பீன்ஸ் வேகவே இல்லை. ஏன்?
- வாசகி, மதுரை

பதில்: தக்காளியும் எலுமிச்சையும்தான் காரணம். துவரம்பருப்பு வேகும் முன்னே புளியைக் கரைத்து ஊற்றுவீர்களா? அதே கதைதான், புளிப்பு பட்டால் பீன்ஸின் தோல் இளகாது.

நீங்கள் சாப்பிட்டது ஃப்ரிஹோல் கோன் புவெர்கோ, மெரிடா இருக்கும் யுகாத்தான் மாநிலத்து வீடுகளின் திங்கட்கிழமைச் சமையல். ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய கறியைப் போட்டுச் செய்து வந்த பழக்கம் என்று அங்கே சொல்வார்கள். அந்தப் பானையில் புளிப்பே கிடையாது, அது தட்டுக்குத்தான் வரும்.

அரை கிலோ கறுப்பு பீன்ஸை ராத்திரியே ஊறவைத்து, மறுநாள் புதுத் தண்ணீரில் முதல் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள் (ராஜ்மாவும் இதுவும் ஒரே இனம், அரைவேக்காட்டில் வயிற்றைக் கெடுக்கும்), அப்புறம் தீயைக் குறைத்து வெங்காயம் போட்டு, பீன்ஸ் பாதி வெந்ததும் எலும்போடு ஒரு கிலோ கறியும் உப்பும் சேர்த்து, கறி எலும்பை விட்டுக் கழலும் வரை சிறுதீயில் விடுங்கள். எபசோத்தே என்ற கீரையைக் கடைசியில் போடுவார்கள். அதன் மணம் வேறெதிலும் வராது, கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், கொத்தமல்லியைப் பானையில் போட்டு ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

அந்தக் கறுப்புத் தண்ணீரை மட்டும் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள்! இந்தச் சமையலின் உயிரே அதில்தான் இருக்கிறது. அரிசியை வெங்காயம், பூண்டோடு எண்ணெயில் வறுத்து அந்தத் தண்ணீரிலேயே வேகவைத்தால் சோறு கன்னங்கரேலென்று வரும், அதன் பக்கத்தில் கறியையும் பீன்ஸையும் வையுங்கள். மேலே பொடியாக நறுக்கிய முள்ளங்கி, வெங்காயம், கொத்தமல்லி. எலுமிச்சையை இப்போது பிழியுங்கள். தக்காளியைச் சுட்டு மசித்தால் அது சில்தொமாத்தே, அபனேரோ மிளகாயும் சுட்டுச் சேர்த்துத் தொட்டுக்கொள்ள வைப்பார்கள்.

இவ்வளவு செய்தும் வேகவில்லையென்றால் பீன்ஸ் ரொம்பப் பழசு, அல்லது உங்கள் வீட்டுத் தண்ணீர் உப்புத் தண்ணீர். ஊறவைக்கும்போதே ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டுப் பாருங்கள்.