பாட்டியை ‘அம்மா’ என்கிறான், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்!

கேள்வி: என் மகனுக்கு 1 வயது 10 மாதம். முதல் குழந்தை. நானும் கணவரும் வேலைக்குப் போவதால் பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அவன் மாமியாரை ‘அம்மா’ என்கிறான். என்னையோ பெயரின் முதல் பாதியைச் சொல்லிக் கூப்பிடுகிறான். சிலிண்டர் போட வருபவர், பக்கத்து வீட்டுக்காரர், டிவியில் வரும் ஆண்கள் எல்லாருமே அவனுக்கு ‘அப்பா’. தன்னைப் ‘பாப்பா’ என்கிறான், ‘நான்’ என்று சொல்வதே இல்லை. “பெத்தவளையே மறந்துட்டான்” என்று சொந்தக்காரர்கள் கேலி செய்கிறார்கள். அவனுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லையா? என்மேல் பாசம் இல்லையா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: ஆள் அடையாளம் அவனுக்கு நன்றாகவே தெரியும். வீட்டில் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதை அப்படியே எடுத்துச் சொல்கிறான், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கவனியுங்கள். உங்கள் கணவர் “அம்மா, காபி” என்று கேட்பது மாமியாரிடம். நாத்தனார் வந்தால் அவரும் அப்படியே. உங்களை எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அந்த வீட்டில் உங்களை ‘அம்மா’ என்று கூப்பிட வேண்டிய ஒரே ஆள் அவன்தான். பார்த்துக் கற்றுக்கொள்ள அவனுக்கு முன்னால் யாரும் இல்லை. மூத்த பிள்ளைகளிடம் இந்தக் குழப்பத்தை நான் அதிகம் பார்க்கிறேன். இரண்டாவது குழந்தைக்கு அக்காவோ அண்ணனோ வழிகாட்டிவிடுவார்கள். கூட்டுக்குடும்பத்தில் பெற்ற தாயை ‘அண்ணி’ என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

உறவுச்சொல் லேசான விஷயமில்லை. ‘பந்து’ யார் சொன்னாலும் பந்துதான். ஆனால் ஒரே மனுஷி உங்கள் கணவருக்கு அம்மா, உங்களுக்கு அத்தை, மகனுக்கு அப்பத்தா. சொல்பவரைப் பொறுத்துச் சொல் மாறும் இந்தக் கணக்கு முழுசாகப் பிடிபடப் பள்ளிக்கூட வயது ஆகிவிடும். சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் ழான் பியாஜே 1920களிலேயே இதைக் கவனித்து எழுதினார். தனக்கு ஒரு சகோதரன் உண்டு என்று சரியாகச் சொல்லும் சின்னப் பிள்ளை, ‘அவனுக்குச் சகோதரன் உண்டா?’ என்று கேட்டால் இல்லை என்றுவிடும். தானே அந்தச் சகோதரன் என்பது அதற்குத் தோன்றாது. நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளே இங்கே தடுமாறும்போது இரண்டு வயதுகூட ஆகாதவனை என்ன சொல்ல?

சிலிண்டர்காரர் ‘அப்பா’ ஆனதும் இந்த வயதுக்கே உரியதுதான். கையில் இருக்கும் கொஞ்சம் சொல்லை வைத்து ஊரையே சமாளிக்க வேண்டும். வளர்ந்த ஆணைக் குறிக்க அவனிடம் இருப்பது அந்த ஒரு சொல். அடுத்த முறை கவனியுங்கள். அவரைப் பார்த்து ‘அப்பா’ என்று சொல்லிக்கொண்டே பாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்தால், உண்மையான அப்பா வந்ததும் வாசலுக்கு ஓடினால், வித்தியாசம் தெரியும் என்றுதானே அர்த்தம்? வாய் சொல்வதைவிடக் குழந்தைக்குப் புரிவது எப்போதும் அதிகம். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 6 மாதக் குழந்தைகளுக்கு அம்மா, அப்பா இருவரின் வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார்கள். ‘அம்மா’ என்ற சொல் ஒலித்தபோது அம்மாவின் படத்தையும், ‘அப்பா’ என்றபோது அப்பாவின் படத்தையும் அவை அதிக நேரம் பார்த்தன. முன்பின் தெரியாத பெண், ஆண் படங்களைக் காட்டியபோது அப்படிப் பார்க்கவில்லை. வந்தவரை “மாமா வந்திருக்காங்க”, “தாத்தாவுக்கு டாட்டா சொல்லு” என்று நீங்களே அடையாளம் சொல்லிவந்தால், இரண்டரை வயதுக்குள் பெரும்பாலும் தானாகப் பிரித்துச் சொல்லிவிடுவான்.

‘நான்’ பற்றி இப்போதே யோசிக்க வேண்டாம். எல்லாரும் அவனைப் பாப்பா என்கிறீர்கள், அவனும் சொல்கிறான். ‘நான்’, ‘எனக்கு’ போன்ற சொற்கள் இரண்டரை வயதுவாக்கில் வரும். நடுவில் கொஞ்ச காலம் “உனக்கு வேணும்” என்று மாற்றியும் சொல்லலாம். அவன் காதில் விழுந்தது “உனக்கு வேணுமா?”தானே.

பாசத்துக்கு வருவோம். கூப்பிடும் பெயரை வைத்து அதை அளக்காதீர்கள். காய்ச்சலில் யார் தோளில் சாய்கிறான், புது இடத்தில் பயந்தால் யாரைத் தேடுகிறான், நீங்கள் வேலை முடிந்து வந்ததும் என்ன செய்கிறான் என்று பாருங்கள். பகல் முழுக்கச் சமத்தாக இருந்துவிட்டு உங்களைக் கண்டதும் அழுது அடம்பிடித்தால் அதுவும் பாசத்தின் அடையாளமே. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1964இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒன்றுக்கு மேற்பட்டவரிடம் ஒட்டுதலோடு இருந்தது தெரிந்தது. பாட்டியிடம் அவன் வைத்திருக்கும் பாசம் உங்கள் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்ததில்லை. கேலி செய்யும் சொந்தக்காரர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

மாற்ற வேண்டியது பெரியவர்களின் பேச்சைத்தான். மகன் இருக்கும்போது உங்கள் கணவர் தன் தாயை “அப்பத்தா கூப்பிடுறாங்க பாரு”, “அப்பத்தாகிட்ட குடு” என்று சொல்லட்டும். மாமியார் உங்கள் பெயரைச் சொல்லாமல் “அம்மா வந்துட்டா, ஓடு” என்று சொல்லட்டும். கணவரும் அவன் முன்னால் உங்களை “அம்மா” என்றே குறிப்பிடலாம். போனில் உள்ள படங்களைக் காட்டி யார் யார் என்று சொல்லி விளையாடலாம். “நான்தான் அம்மா, எங்கே சொல்லு” என்று உட்காரவைத்துப் பாடம் நடத்துவதும், தப்பாகச் சொன்னால் திட்டுவதும் வேண்டாம். அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோபிக்காமல், “அம்மா இதோ வரேன்” என்று பதில் கொடுங்கள். இதை மாமியாரிடம் குறையாகச் சொல்லாதீர்கள். பகல் முழுக்கப் பேசி அவனுக்கு வார்த்தை கற்றுக்கொடுப்பவரே அவர்தான்.

நான் கவனிக்கச் சொல்வது வேறு விஷயங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டுகிறானா? பிடித்த பொருளைக் கொண்டுவந்து உங்கள் முகத்தைப் பார்த்துக் காட்டுகிறானா? இவை இல்லையென்றால், அல்லது சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோனால், எந்த வயதாக இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு வயது முடிந்தும் ‘பால் வேணும்’, ‘அப்பா வா’ என்று இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றாலும் அப்படித்தான். மூன்று வயதுக்குப் பிறகும் ‘நான்’, ‘நீ’ மாறிமாறி வந்து, கேட்டதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாலும் காட்ட வேண்டும். பேச்சு தாமதம் என்று வருபவர்களுக்கு நான் முதலில் எழுதிக்கொடுப்பது காது கேட்கும் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்தில் இதை இலவசமாகவே பார்க்கிறார்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனுக்கு இப்போதைக்கு அது தேவைப்படாது.