கேளுங்கள், பேசுவோம்: ஊட்டி பிலிம் கம்பெனியை மூடியது டிஜிட்டலா?

கேள்வி: தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. படிக்கிறேன். அமெரிக்க பிலிம் கம்பெனியான கோடாக்கை கேஸ் ஸ்டடியாக, அதாவது ஏன் அப்படி ஆனது என்று அலசி எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். டிஜிட்டல் கேமரா வருவதை நிர்வாகம் கவனிக்காமல் விட்டது, அதனால் மூழ்கியது என்று எழுதினேன். நம் ஊட்டி பிலிம் கம்பெனியும் அப்படித்தான் போனது என்று சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். பத்துக்கு நாலு மார்க். எங்கே தப்பு?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: நாலு போட்டாரே, உங்கள் சார் நல்ல மனிதர்.

கோடாக் கவனிக்கவில்லை என்பது டீக்கடைப் பேச்சு. டிஜிட்டல் கேமராவை 1975-லேயே செய்து காட்டிய ஸ்டீவ் சாஸன், கோடாக்கிலேயே சம்பளம் வாங்கிய இன்ஜினீயர். 2005-இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடத்தில் இருந்ததும் கோடாக்தான். தூங்கிக்கொண்டிருந்த கம்பெனி முதலிடத்துக்கு வருமா? சிக்கல் லாபத்தில் இருந்தது. பிலிம் ரோல் விற்றால் காசு, அதைக் கழுவுகிற ரசாயனத்தில் காசு, பிரிண்ட் போடும் பேப்பரில் காசு, அடுத்த கல்யாணத்துக்கு மறுபடியும் ரோல். டிஜிட்டல் கேமராவை ஒருமுறை விற்றால் அதோடு சரி, அதிலும் ஊர்ப்பட்ட போட்டி. ஆக, புதுத் தொழிலில் ஜெயித்தாலும் பழைய வருமானம் திரும்பாது. 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்த கம்பெனியின் கதையை இங்கிருந்து ஆரம்பித்திருந்தால் உங்களுக்கு ஏழு கிடைத்திருக்கும்.

அப்புறம் ஊட்டி. இதில்தான் எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் கோபம், பக்கத்து ஊர்க்காரர் தேதியையாவது பார்த்திருக்க வேண்டாமா? இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்டு 1967-இல் உற்பத்திக்கு வந்த அரசு நிறுவனம். பிலிமில் ஒரு துளி தூசி படிந்தாலும் எக்ஸ்ரேயில் அது நோய் மாதிரித் தெரியும். அதனால் இந்த மலையின் சுத்தமான குளிர்காற்று அந்தத் தொழிலுக்குத் தோதானது. வெளிச்சம் பட்டால் சரக்கே பாழ் என்பதால் உள்ளே பல வேலைகள் இருட்டில்தான் நடந்தன. அந்த நிறுவனம் நலிவடைந்ததாக அறிவிக்கப்பட்டது 1996-இல். அதே 1996-இல் கோடாக்கின் விற்பனை ஏறக்குறைய 1,600 கோடி டாலர்! டிஜிட்டல் பூதம் ஊட்டியில் முதலில் இறங்கி கம்பெனியை விழுங்கிவிட்டு, சாவகாசமாக அமெரிக்காவுக்குக் கிளம்பியதா?

பாலியெஸ்டர் எக்ஸ்ரே பிலிம் ஆலைக்காகப் பெரும் கடன் வாங்கினார்கள், செலவு எகிறியது, வட்டி ஏறியது. 1991-க்குப் பிறகு இறக்குமதித் தீர்வை இறங்க, வெளிநாட்டு பிலிம் மலிவாக உள்ளே வந்தது. கடன், காலதாமதம், அரசின் கொள்கை மாற்றம் என்று எழுத வேண்டிய கேஸ் இது. டிஜிட்டல் பிற்பாடு வந்து, மீண்டு எழும் வழியையும் அடைத்தது. முடிவு ஒன்றாக இருப்பதால் நோயும் ஒன்று என்று நினைத்துவிட்டீர்கள்.

ஜப்பானின் பிலிம் கம்பெனி ஃபியூஜிஃபிலிம் பிழைத்ததே என்று அடுத்து கேட்பீர்கள். பிலிமுக்காகக் கற்ற ரசாயன வித்தையை எல்.சி.டி. திரைக்கான மெல்லிய படலத்துக்குக் கொண்டுபோனார்கள், பிற்பாடு முகத்துக்குப் பூசும் க்ரீம்கூட விற்க ஆரம்பித்தார்கள். கோடாக்கிடமும் பெரிய ரசாயனப் பிரிவு இருந்தது, ஆனால் 1994-இல் அதைத் தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டது, கடன் சுமை குறைய வேண்டும் என்று. முட்டாள்தனமா? இன்றைக்கு அப்படித் தெரியும். 1994-இல் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கையில் என்ன கணக்கு இருந்தது, யார் நெருக்கினார்கள், வேறு எதை விற்றிருக்கலாம் என்று யோசித்து நீங்களே ஒரு முடிவு எடுத்துப் பாருங்கள். நானாக இருந்தாலும் பிரித்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அப்படி எழுதினாலும் மார்க் உண்டு, காரணம் சொன்னால்.

கேள்வி: எந்த கேஸ் கொடுத்தாலும் ஸ்வாட் கட்டம் போட்டால் போதுமா?
– ஒரு மாணவி, கொடைக்கானல்

பதில்: போதாது. நாலு கட்டத்தில் பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நிரப்புவது, வீடு பெருக்குமுன் சாமான்களை ஓரமாக ஒதுக்கி வைப்பது போல. பெருக்க வேண்டாமா?

கேள்வி: அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. கொழுந்து விலை ஏறவே மாட்டேன் என்கிறது. எங்கள் பிரச்சினையையெல்லாம் கேஸ் ஸ்டடியாக எழுத முடியுமா, அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தானா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: ஹார்வர்டில் 1921-இல் எழுதிய முதல் கேஸே ஒரு ஷூ கம்பெனியைப் பற்றியதுதான். தேயிலைக்கு என்ன குறைச்சல்?

விலை குறைவு என்பதைப் பிரச்சினை என்று எழுதாதீர்கள், அது காய்ச்சல் மாதிரி, நோய் வேறு. விலை இறங்கினால் ஆள் கூலி கட்டாது, பறிக்கும் ரவுண்டு தள்ளிப்போகும், இலை முற்றும், முற்றின இலையில் போட்ட தூளுக்குக் குன்னூர் தேயிலை ஏலத்தில் நல்ல விலை கேட்க ஆள் இருக்காது, ஃபேக்டரி கொழுந்துக்குக் குறைத்துக் கொடுக்கும், மறுபடியும் ரவுண்டு தள்ளிப்போகும். செக்கு மாடு. இதில் யாரும் மடையர் இல்லை. அவரவர் இடத்தில் அவரவர் கணக்கு சரி, மொத்தத்தில்தான் நஷ்டம்.

எங்கே கை வைத்தால் இது உடையும்? என் சந்தேகம் ரோட்டோர எடைக் கொட்டகையின் மேல். உங்கள் அப்பா இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துப் பறித்துக் கொண்டுவருகிறார், அடுத்தவர் கத்தியால் வெட்டி அமுக்கிய மூட்டையை இறக்குகிறார், தராசில் இரண்டும் கிலோதான், லாரியில் இரண்டும் ஒரே குவியல், விலையும் ஒன்றே என்றால் நாளைக்கு அப்பா எதற்காக மெனக்கெட வேண்டும்? மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து மடக்கிப் பாருங்கள். இளசு வளையும், முற்றினது மடக்கென்று முறியும். இந்த ஒரு பிடியை வைத்து விலையைப் பிரித்தால் என்ன ஆகும், யார் எதிர்ப்பார்கள், பிரித்துப் பார்க்கிற ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பது – உங்கள் கேஸ் இதுதான். விலையைச் சொல்கிறபோது ஏலத்தையும் பாருங்கள், முழுச் சந்தையும் சரிந்த வருஷத்தில் நல்ல இலையும் தப்பாது.

முதல் வேலையாக அப்பாவின் பழைய கொழுந்து பில்களைத் தேடி எடுங்கள், மாதவாரியாக கிலோ ஒரு பக்கம், விலை ஒரு பக்கம். அடுப்பு பற்றவைக்கப் போயிருந்தால், இந்த மாதத்திலிருந்து சேர்க்க ஆரம்பியுங்கள்.