பீனிசத்துக்கு மூன்று நாள் குளிசை

கேள்வி: ஒவ்வொரு முறையும் அரிவு வெட்டு முடிந்த கையோடு எனக்குத் தடிமன் பிடித்துவிடும். ஐந்தாறு நாளில் சளி மஞ்சளாகும், குனிந்தால் நெற்றியும் கன்னமும் பாரமாக வலிக்கும். பீனிசம் என்று பாமசியில் சொன்னால் மூன்று நாளுக்கு அன்ரிபயோட்டிக் தருவார்கள், சுகமாகிவிடும். இப்போது கணவருக்குப் பல்லுக்குக் கொடுத்த அமொக்சிசிலினில் ஐந்து மிச்சம் இருக்கிறது. அடுத்த முறைக்கு அதை வைத்திருக்கலாமா?
– வாசகி (38), ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டாம் தங்கச்சி. நாளைக்கு மூன்று வேளை என்று பார்த்தால் அந்த ஐந்தும் இரண்டு நாளுக்கே காணாது.

நீங்கள் ஆறாம் நாள் குளிசை போடுகிறீர்கள், ஒன்பதாம் நாள் சுகம். ஆனால் சாதாரணத் தடிமனும் ஏழு முதல் பத்து நாளில் தானாகவே இறங்கும். இறங்குகிற நேரத்தில் போட்ட குளிசைக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. தடிமன் வைரஸால் வருவது, வைரஸை அன்ரிபயோட்டிக் ஒன்றும் செய்யாது. நூறு பேருக்குத் தடிமன் பிடித்தால் பக்டீரியாவும் சேர்ந்துகொள்வது ஒன்றிரண்டு பேருக்குத்தான். மஞ்சள் நிறமும் அதற்குச் சாட்சி இல்லை. நோயோடு போராடும் வெள்ளணுக்கள் சேர்ந்தாலே சளி அப்படித்தான் மாறும்.

அதனால் நிறத்தை விட்டுவிட்டு நாளை எண்ணுங்கள். பத்து நாளாகியும் கொஞ்சமும் குறையவில்லையா? 102 பாகை காய்ச்சலோடு சீழ் போன்ற சளியோ முகவலியோ சேர்ந்து மூன்று நாலு நாள் நிற்கிறதா? குறைந்து வந்தது திடீரென்று திரும்பவும் கூடுகிறதா? அப்போது டொக்டரிடம் போங்கள். தேவை என்று கண்டால் அமொக்சிசிலினோ, கிளவுலானிக் அமிலம் சேர்ந்ததோ எழுதுவார், பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாளுக்கு. பெனிசிலின் முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வேலை நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், எனக்கு விளங்குகிறது. ஆனால் தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் உடம்பில் இருக்கிற கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகுகின்றன. நாளைக்கு வீட்டில் ஒருவருக்கு நியூமோனியா வந்தால் அதே மருந்து கேட்காமல் போகலாம். அதை நினைக்கத்தான் எனக்குப் பயம்.

அந்தப் பத்து நாளும் சும்மா இருக்கத் தேவையில்லை. வலிக்குப் பனடோல் போடலாம். ஒரு கோப்பை தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்புக் கரைத்து மூக்கைக் கழுவுங்கள். கொதித்து ஆறின தண்ணீராக இருக்கவேண்டும், கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாக மூக்குக்குள் விடவே கூடாது. நொச்சி இலை போட்டு வேது பிடித்தால் இதமாக இருக்கும். பிள்ளைகள் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுடுதண்ணீர்ப் பானை கவிழ்ந்து வெந்துபோகிற பிள்ளைகள் உண்டு.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, தாங்கமுடியாத தலையிடி, கழுத்து விறைப்பு, தடுமாற்றம், இவற்றில் ஒன்று வந்தாலும் நாள் எண்ணாதீர்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சீனி வருத்தம் உள்ளவர்களும் பத்து நாள் காத்திருக்காமல் முன்னரே காட்டவேண்டும்.

இன்னொன்று. வருசா வருசம் சூடடிக்கிற நேரத்திலேயே வருகிறதென்றால், எனக்கு வைக்கோல் தூசிலும் சந்தேகம். தும்மலும் மூக்குக் கடியும் கூட இருந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. அடுத்த வெட்டுக்கு முன்னமே ஒருமுறை டொக்டரிடம் காட்டுங்கள். மெசின் ஓடும்போது மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போடுங்கள்.