சிறுநீரகம் மாற்றியவர் கலச் சிகிச்சையை நம்பி மாத்திரைகளை விடலாமா?

ஒழுங்குபடுத்தும் நிர்ப்பீடன (நோயெதிர்ப்பு) கலங்களை ஏற்றினால், சிறுநீரகம் மாற்றிய உங்கள் உறவினருக்கு மாத்திரைகளே தேவைப்படாது என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். களுவாஞ்சிகுடியில் வசிக்கும் நான் வைத்தியன் அல்லன். தம்பிக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தவன். அவனும் இதையே கேட்டதால் தேடிப் படித்தேன். மாத்திரைகள் குறையக்கூடும், அடியோடு நின்றுவிடவில்லை.

தம்பி காலையிலும் இரவிலும் நேரம் தவறாமல் எடுக்கும் டக்ரோலிமஸ், புதிய உறுப்பைத் தாக்கும் வெண்குருதிக் கலங்களை அடக்கும்போது கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலையும் சேர்த்தே தளர்த்துகிறது. காலப்போக்கில், காப்பாற்ற வேண்டிய சிறுநீரகத்தையே அது பாதிக்கவும் கூடும். ஆனால், மற்றக் கலங்கள் எல்லை மீறாமல் தடுக்கும் ஒருவகைக் கலங்கள் நம் உடலிலேயே இருக்கின்றன; நீங்கள் கேட்ட ஒழுங்குபடுத்தும் கலங்கள் இவைதான். எங்கள் வயல்களில் தண்ணீர்ச் சண்டை முற்றாமல் பார்த்துக்கொள்ளும் வட்டைவிதானையைப் போன்றவை என்று தம்பிக்கு விளக்கினேன். 1995இல் இவற்றை இனங்காட்டிய ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி, வேறு இருவருடன் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்.

இவற்றையும் இவை போன்ற வேறு கலங்களையும் ஆய்வுகூடத்தில் தயாரித்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரிசோதித்த 'வன் ஸ்டடி' என்னும் ஆய்வின் முடிவுகள் 2020இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தன. எங்களைப் போலவே, உயிருடன் உள்ள கொடையாளியிடம் சிறுநீரகம் பெற்றவர்களே அதில் பங்கேற்றார்கள். வழமையான சிகிச்சை பெற்ற 66 பேரில் 12 சதவீதத்தினருக்கும், கலங்கள் ஏற்றப்பட்ட 38 பேரில் 16 சதவீதத்தினருக்கும் உறுப்பு நிராகரிப்பு, அதாவது உடல் புதிய சிறுநீரகத்தைத் தாக்குவது, ஏற்பட்டது. இவ்வளவு சிறிய குழுக்களில் இந்த வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. கலங்கள் பெற்றவர்களிடம் தொற்றுகள் குறைந்திருந்ததே என் கண்ணுக்கு முக்கியமாகப் பட்டது. காய்ச்சல் என்றாலே வைத்தியசாலைக்கு ஓடுகிற வீட்டார் அதன் பெறுமதியை அறிவார்கள்.

அந்த 38 பேரில் 15 பேர் மற்ற மருந்துகளைப் படிப்படியாக விட்டு, ஒரேயொரு மருந்துடன் இருக்க முடிந்தது. அந்த ஒரு மருந்துதான் தம்பி எடுக்கும் அதே டக்ரோலிமஸ். மாத்திரையே வேண்டாம் என்று பரவும் செய்திகள் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான்.

மேலும், இது மருந்துக்கடையில் வாங்கும் ஊசியன்று. பெரும்பாலும் நோயாளியின் குருதியிலிருந்தே கலங்களைப் பிரித்து, மிகத் தூய்மையான ஆய்வுகூடத்தில் அவருக்கென்றே தயாரிக்க வேண்டும்.

ஆகவே, உங்கள் உறவினர் ஒரு வேளை மருந்தைக்கூடத் தாமாக நிறுத்த வேண்டாம். நிராகரிப்பு பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இல்லாமலே தொடங்கும். கிளினிக்கில் பார்க்கும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் குருதியில் உள்ள அளவு உயரும்போதுதான் அது தெரியவரும்.