பாட்டு ஏற்கெனவே ஹிட், அப்புறம் எதற்கு ரேடியோ?

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. அமெரிக்காவில் பாடல்களுக்கு மக்கள் கருத்து கேட்கும் ஒரு நிறுவனத்தில் சில வருடம், பிறகு ஒரு லேபிளின் (பாட்டைப் பதிவுசெய்து வெளியிடும் நிறுவனம்) வானொலிப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். ஒரு சிங்கிளை, அதாவது தனியாக வெளியிடும் பாட்டை, ஸ்டேஷன்கள் ஒலிபரப்பும்படி செய்வதுதான் வேலை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் சொல்வது பெரும்பாலும் அமெரிக்கக் கதைதான்.

கோவை வாசகர்: ஸ்பாட்டிஃபையில் எல்லோரும் கேட்டுத் தீர்த்த பாட்டை எதற்காக மெனக்கெட்டு ரேடியோவுக்குக் கொண்டுபோகிறார்கள்?

முன்பெல்லாம் ரேடியோ என்பது பெண் பார்க்கும் படலம். புதுப் பாட்டை ஜனங்கள் முதன்முதலாகக் கேட்டதே அங்கேதான். இப்போது அது கல்யாணம் முடிந்து நடக்கிற ரிசப்ஷன். பாட்டு தேறுமா தேறாதா என்பதை ஸ்ட்ரீமிங்கும் டிக்டாக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. தேறிய பாட்டைத்தான் லேபிள் ரேடியோவுக்கு எடுத்துப் போகிறது.

டெய்லர் ஸ்விஃப்டின் 'க்ரூயல் சம்மர்' 2019 ஆல்பத்தில் வந்த பாட்டு. அப்போது அது சிங்கிளாக வரவில்லை. 2023-இல் அவருடைய கச்சேரிப் பயணத்தின்போது ஸ்ட்ரீமிங் எகிறியதும், ஜூன் 20-ஆம் தேதி லேபிள் அதை ரேடியோவுக்கு அனுப்பியது. அக்டோபரில் அமெரிக்காவின் முக்கியப் பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100-இல் முதலிடம். மிகெலின் 'ஷ்யூர் திங்' இன்னும் வேடிக்கை. பத்து வருடத்துக்கும் மேல் பழைய பாட்டு, டிக்டாக்கில் மறுபடி கிளம்பி, 2023-இல் பாப் ரேடியோ பட்டியலின் உச்சிக்குப் போனது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படி ஒரு யோசனையைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

காரணம் இரண்டு. ஹாட் 100 பட்டியல் ஸ்ட்ரீமிங், விற்பனை, ரேடியோ மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஸ்ட்ரீமிங் முதல் வாரத்தில் பொங்கி அப்புறம் வடியும். ரேடியோ மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அது வடியும் நேரத்தில் இது தாங்கிப் பிடிக்கும். கிளாஸ் அனிமல்ஸ் குழுவின் 'ஹீட் வேவ்ஸ்' பட்டியலுக்குள் வந்து 59-ஆவது வாரத்தில், 2022 மார்ச்சில், முதலிடம் பிடித்தது. அந்த மாதிரி நீண்ட ஓட்டத்துக்கு ரேடியோவின் துணை வேண்டும்.

இரண்டாவது, நீங்கள் சொல்லும் 'எல்லோரும்' எல்லோரும் இல்லை. வண்டி ஓட்டுகிறவர், பல் டாக்டரின் வரவேற்பறையில் காத்திருப்பவர், பழைய நான்கு பாட்டையே ஆப்பில் திரும்பத் திரும்பக் கேட்பவர், இவர்களுக்கெல்லாம் அந்தப் பாட்டு இன்னும் புதுசு. ஒரு ஊரில் ஸ்டேஷன் பாட்டைப் போட ஆரம்பித்ததும் அங்கே ஷாஸம் (ஒலிக்கும் பாட்டின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஆப்) எண்ணிக்கை ஏறும். 'இது என்ன பாட்டு?' என்று அத்தனை பேர் போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்றால், அவர்களிடம் அது இன்னும் போய்ச் சேரவில்லை என்றுதானே அர்த்தம்?

திருச்சியிலிருந்து: சரி, நடைமுறையில் எப்படி? மெயிலில் பாட்டை அனுப்பிவிட்டால் போடுவார்களா?

அனுப்புவது மெயிலில்தான். போட வைப்பதற்குத்தான் ஆள்.

முதலில் எந்த வகை ஸ்டேஷன் என்று முடிவாகும். அங்கே ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு வகை உண்டு: டாப் 40, ரிதமிக், அர்பன், ஆல்டர்நேட்டிவ், கன்ட்ரி, நடுவயதினருக்கான அடல்ட் கன்டெம்பரரி. ஒரே நேரத்தில் எல்லா வகைக்கும் பாட்டை நீட்டினால் எதிலும் ஒட்டாது. ஒன்றில் வேரூன்றவிட்டு அடுத்ததற்குத் தாவ வேண்டும்.

பிறகு 'சேர்த்துக்கொள்ளும் நாள்' ஒன்றைக் குறிப்பார்கள். டாப் 40-க்கு அது செவ்வாய், கன்ட்ரிக்குத் திங்கள். அன்றைக்கு எத்தனை ஸ்டேஷன்கள் தங்கள் பட்டியலில் பாட்டைச் சேர்த்தன என்பதுதான் முதல் மதிப்பெண். லேபிளுக்கு வட்டாரத்துக்கு ஒருவர் இருப்பார். அவர் அதற்கு முந்தைய வாரங்களில் ஒவ்வொரு மியூசிக் டைரக்டரையும் கூப்பிட்டு நச்சரித்திருப்பார். (நம் ஊர் இசையமைப்பாளர் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே அந்தப் பெயர் ஸ்டேஷனில் பாட்டுப் பட்டியல் போடுகிறவருக்கு.)

சேர்ப்பது மட்டும் போதாது. ராத்திரி இரண்டு மணிக்கு வாரம் ஐந்து தடவை போட்டாலும் 'சேர்த்தாச்சு' என்றுதான் சொல்வார்கள். பெரிய டாப் 40 ஸ்டேஷனில் உச்சத்தில் இருக்கும் பாட்டு வாரத்துக்கு நூறு தடவைக்கு மேல் ஓடும். ஐந்திலிருந்து நூறுக்கு ஏற்றுவதுதான் உண்மையான வேலை. எந்த ஸ்டேஷன் எத்தனை மணிக்கு எதைப் போட்டது என்பதை மீடியாபேஸ் போன்ற கண்காணிப்புச் சேவைகள் பதிந்துவிடும். யாரும் பொய் சொல்ல முடியாது. திங்கள் காலை என் திரையில் இருந்ததெல்லாம் அந்த எண்கள்தான். ஒரு ஸ்டேஷனில் 41 என்பது 38 ஆகியிருந்தால் டீ ஆறும் முன்னே மேலிடத்திலிருந்து போன் வரும்.

முன்பு நச்சரிப்புக்குப் பேச்சு சாமர்த்தியம் வேண்டும். இப்போது கையில் எண்கள் வேண்டும். 'உங்கள் ஊரில் போன வாரம் இந்தப் பாட்டை இத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், ஷாஸமில் உங்கள் ஊர்ப் பட்டியலில் இத்தனாவது இடம்' என்று சொன்னால்தான் எதிர்முனையில் பேனா அசையும்.

பெயர் வேண்டாம் என்ற கல்லூரி மாணவி: ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று ரேடியோக்காரர்கள் கேட்டுப் பார்ப்பார்களா?

கேட்பார்கள். என் முதல் வேலையே அதுதான். வீடுகளுக்குப் போன் போட்டு, முப்பது பாட்டின் அடையாளமான துண்டுகளை, எட்டு எட்டு விநாடி ஓட்டுவோம். தெரியுமா, பிடித்திருக்கிறதா, அலுத்துவிட்டதா? மூன்றே கேள்வி. பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே 'அலுத்துப்போச்சு, அடுத்தது' என்று ஒரு அம்மா சொல்வார். அந்த ஒரு வார்த்தையும் சேர்ந்துதான் கோடிக்கணக்கில் செலவான பாட்டை இறக்கியது. இப்போது போன் போய் இணையத்தில் கேட்கிறார்கள். கேள்வி அதேதான்.

இதில் ஒரு விஷயம் வெளியே தெரியாது. தெரியாத பாட்டு மக்களுக்குப் பிடிக்காது. போதுமான தடவை ஓடிய பிறகுதான் இந்தச் சோதனையில் மதிப்பெண் விழும். ஆனால் மதிப்பெண் இல்லாமல் போதுமான தடவை ஓட்டமாட்டார்கள். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் ஸ்ட்ரீமிங் எண்கள் வந்து உதவின.

சென்னை, துபாய், இன்னும் ஆறேழு பேர்: காசு கொடுத்தால் போடுவார்களா? நேராகச் சொல்லுங்கள்.

இதை எதிர்பார்த்தேன். காசு கொடுப்பதே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கச் சட்டப்படி குற்றம், காசு வாங்கியதைக் கேட்பவர்களிடம் சொல்லாமல் மறைப்பது. 'இது பணம் பெற்று ஒலிபரப்பப்படுகிறது' என்று அறிவித்துவிட்டால் தாராளமாகப் போடலாம். அப்படி அறிவித்தால் அந்தப் பாட்டை யார் மதிப்பார்கள்? அதனால்தான் மறைவாக நடந்தது. பேயோலா என்பது அதன் பெயர்.

1959-இல் விவகாரம் வெடித்தது. ராக் அண்ட் ரோலைப் பரப்பிய ரேடியோ அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட், காசு வாங்கவில்லை என்று கையெழுத்துப் போட மறுத்து வேலை இழந்தார். 1962-இல் லஞ்ச வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் வெறும் 300 டாலர், ஆனால் வாழ்க்கை அதோடு முடிந்தது. 1960-இல் வந்த சட்டத்திருத்தப்படி ஒரு வருடம் வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம்.

அப்புறம் இடைத்தரகர்கள் வந்தார்கள். லேபிள் நேரடியாகக் கொடுக்காது. 'தனி புரமோட்டர்' ஒருவருக்குக் கொடுக்கும். அவர் ஸ்டேஷனுக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று 'விளம்பர உதவி' தருவார். அந்த ஸ்டேஷன் ஒரு பாட்டைச் சேர்த்தால் லேபிளுக்கு பில் போகும். காகிதத்தில் எல்லாம் சுத்தம்! 2005-இல் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்ஸர் இதையும், போட்டிப் பரிசு, பயணச் செலவு என்ற பெயரில் போனவற்றையும் மின்னஞ்சல்களோடு வெளியே இழுத்தார். சோனி பி.எம்.ஜி ஒரு கோடி டாலர், வார்னர் 50 லட்சம், அடுத்த வருடம் யுனிவர்சல் 1.2 கோடி, இ.எம்.ஐ 37.5 லட்சம் கொடுத்து சமரசம் செய்துகொண்டன. 2007-இல் நான்கு பெரிய வானொலி நிறுவனங்கள், ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.சி.சி-க்கு மொத்தம் 1.25 கோடி கட்டின.

இப்போது? கவர் கைமாறுவதை நான் பார்த்ததில்லை. ஆனால் ஸ்டேஷன் நடத்தும் விழாவில் உங்கள் பாடகர் இலவசமாக வந்து பாடினால் உறவு இனிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். 2025 பிப்ரவரியில் எஃப்.சி.சி இதைத்தான் எச்சரித்தது: விழாவுக்கு வந்தால் கூடுதலாகப் போடுவோம், வராவிட்டால் குறைப்போம் என்று பேரம் பேசுவதும் பேயோலாதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து: இந்தச் சட்டம் ஸ்பாட்டிஃபைக்குப் பொருந்துமா?

பொருந்தாது. அது ஒலிபரப்பு நிலையங்களுக்கான சட்டம். ஸ்பாட்டிஃபையின் டிஸ்கவரி மோட் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 2020-இல் அறிவித்தார்கள். லேபிள் ஒரு பாட்டைக் குறித்துக் கொடுத்தால், தானாக ஓடும் ரேடியோ, ஆட்டோபிளே மாதிரி இடங்களில் அதற்கு முன்னுரிமை கிடைக்கும். பதிலுக்கு, அந்த வழியாக வரும் கேட்புகளின் ராயல்டியில் (உரிமைத்தொகை) 30 சதவீதத்தை நிறுவனம் கமிஷனாகப் பிடித்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் ஆலன் ஃப்ரீட் பாவம், அறுபது வருடம் முந்திப் பிறந்துவிட்டார்.

சேலம், பி.டி.எஸ் ரசிகை: நாங்கள் கூட்டமாக ஸ்டேஷனுக்கு ரிக்வெஸ்ட் அனுப்புகிறோம். பலன் உண்டா தம்பி/அண்ணா?

அண்ணாவே இருக்கட்டும், நரைத்துவிட்டது. பலன் கொஞ்சம்தான். ஒரே மாதிரி ஐநூறு செய்தி வந்தால், வேலை பார்க்கிறவருக்கு அது ரசிகர் படை என்று தெரிந்துவிடும். தன் ஸ்டேஷன் எட்டும் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் என்றுதான் பார்ப்பார். உங்கள் படையோ ரேடியோ இல்லாமலே ஜெயிக்கும். பெரும்பாலும் கொரிய மொழியில் அமைந்த 'லைஃப் கோஸ் ஆன்' 2020 டிசம்பரில் ஹாட் 100-இல் முதலிடத்திலேயே அறிமுகமானபோது ரேடியோவின் பங்கு சொற்பம்.

இன்னொன்று. முடிவெடுப்பவரே ஊரில் இல்லாமல் இருக்கலாம். 1996 தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு முன் ஒரு நிறுவனம் நாடு முழுக்க 40 ஸ்டேஷன் மட்டுமே வைத்திருக்கலாம். அந்த வரம்பு போனதும் கிளியர் சேனல் 1,200-ஐத் தாண்டியது. இன்று அதன் பெயர் ஐஹார்ட்மீடியா. அங்கே ஒருவர் தலையசைத்தால் பல ஊர்களில் ஒரே நாளில் பாட்டு ஏறும். மீடியாபேஸும் அவர்களுடையதுதான். ஆட்டக்காரரே ஸ்கோர் போர்டையும் வைத்திருக்கிறார்.

பெங்களூரு: கன்ட்ரி இசைக்கு மட்டும் ரேடியோ இன்னும் தெய்வம் என்கிறார்களே?

தெய்வம்தான், ஆனால் வரம் தர ஒரு வருடம் ஆகும். நாற்பது ஐம்பது வாரம் ஏறி உச்சியைத் தொடுவது அங்கே சாதாரணம். புதுப் பாடகரை லேபிள் வேனில் ஏற்றி, ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கூட்டிப்போகும். ஒருமுறை நானும் போனேன். காலை ஒன்பது மணி, மீட்டிங் அறை, ஆறு பேர் சாண்ட்விச் தின்றுகொண்டிருக்கிறார்கள். ஒருத்தர் லேப்டாப்பை மூடவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண் கித்தாரை வைத்துக்கொண்டு உயிரைக் கொடுத்துப் பாடினார். முடித்ததும் கைதட்டல், ஒரு செல்ஃபி, அடுத்த ஊர். அந்த வாரத்தில் அது பதினோராவது மீட்டிங் அறை. அவர் பாட்டை அந்த ஸ்டேஷன் போடவே இல்லை.

மதுரை, எஃப்.எம்மில் வேலை பார்ப்பவர்: நாங்கள் லேபிளுக்கு ராயல்டி கட்டுகிறோம். அங்கே?

அங்கே கட்டுவதில்லை! பாட்டு எழுதியவருக்கு, மெட்டுப் போட்டவருக்கு உண்டு. பாடியவருக்கும் லேபிளுக்கும் சாதாரண ரேடியோ ஒரு சென்ட் தராது. 'உன் பாட்டுக்கு நான் விளம்பரம் செய்கிறேன், காசு வேறு கேட்பாயா?' என்பது வாதம். இந்தியாவில் 2010-இல் காப்புரிமை வாரியம் நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் என்று வைத்தது. 2020 கடைசியில் அது மாறி, பாட்டு ஓடும் மணிக்கணக்குக்கு ஏற்ப என்றானது. அதாவது உங்களிடம் லேபிள் பணம் வாங்குகிறது. அங்கே லேபிள் பணம் செலவழிக்கிறது.

எவ்வளவு என்று அடுத்து கேட்பீர்கள். 2011-இல் அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர் ஒரு ரிஹானா பாட்டுக்குப் போட்ட கணக்கில், உருவாக்க 78,000 டாலர், வெளியிட்டுப் பரப்ப சுமார் 10 லட்சம். அந்தப் பத்து லட்சத்தில் ரேடியோவும் அடக்கம்.

லண்டன், ஸ்காபரோ, இரண்டு சுயாதீனப் பாடகர்கள்: லேபிள் இல்லாத எங்களுக்கு வழி?

லண்டன் தம்பிக்கு எளிது. பி.பி.சி இன்ட்ரொட்யூசிங் தளத்தில் நீங்களே பாட்டை ஏற்றலாம், உங்கள் வட்டார நிலையத்தில் ஆள் கேட்கிறார்கள். அதற்குப் பிறகுதான், பாட்டை ஸ்டேஷன்களிடம் போட வைக்கும் 'பிளக்கர்' எனப்படும் கூலி ஆளைப் பற்றி யோசியுங்கள்.

ஸ்காபரோ தங்கைக்கு ஒரு சாதகம். கனடாவில் வணிக நிலையங்கள் பொதுஜன இசையில் 35 சதவீதம் கனடா உள்ளடக்கம் போட்டாக வேண்டும் என்று விதி வந்தது. இசை, பாடியவர், பதிவு, வரிகள் என்று நான்கு அளவுகோல், பொதுவாக இரண்டு கனடாவுடையதாக இருந்தால் சேரும். பாட்டோடு அந்த விவரத்தையும் தெளிவாக எழுதி அனுப்புங்கள். அது இல்லாமல் வருகிற பாட்டை யாரும் தேடிப் பார்த்துச் சரிபார்க்க மாட்டார்கள்.

முதலில் கல்லூரி ரேடியோ, சமூக ரேடியோ. பத்து விநாடியில் பிடிக்கிற துண்டு எது என்று நீங்களே குறித்துக் கொடுங்கள். அப்புறம், அமெரிக்க ஸ்டேஷனுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் போன் பண்ணாதீர்கள். அன்றைக்குத்தான் எங்களை மாதிரி ஆட்கள் எல்லோரும் லைனில் இருப்போம்.