ஆற்றுக்குத் தனியாக, கூத்துக்குத் தனியாகவா?

வணக்கம்.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமம் என்னுடையது. பணி ஓய்வுக்குப் பிறகு சொந்தச் செலவில் இரண்டு சிறுநூல்கள் அச்சிட்டேன். ஒன்று எங்கள் வட்டாரத்து வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, தோல்பாவைக் கூத்து, டூரிங் டாக்கீஸ் பற்றியது. மற்றது தாமிரபரணியின் கால்வாய்கள், குளங்கள், மணல் பற்றியது. முதலாவதை "நாட்டார் வழக்காறு, வரலாறு ஆகாது" என்று ஒரு பேராசிரியர் ஒதுக்கினார். இரண்டாவதைப் பொதுப்பணித் துறை ஆவணங்களிலேயே படித்துக்கொள்ளலாம் என்றார் ஒரு பதிப்பாளர். இரண்டையும் உங்களுக்கு அனுப்பியிருந்தேன். திருத்திய பதிப்பு கொண்டுவரலாமா, விட்டுவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

இரண்டையும் படித்தேன். விட்டுவிட வேண்டாம். ஆனால் திருத்திய பதிப்பும் வேண்டாம். இரண்டையும் கலைத்து ஒரே நூலாக எழுதுங்கள்.

பேராசிரியர் சொன்னதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பதிப்பாளர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. உங்கள் ஆற்று நூலில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளும், ஏறத்தாழ 86,000 ஏக்கர் பாசனமும், 1958இல் கட்டி முடித்த மணிமுத்தாறு அணையும் ஒழுங்காக இருக்கின்றன. ஆட்களைத்தான் காணோம். கூத்து நூலில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் எந்த மாதத்தில், யார் கொடுத்த நெல்லில் ஆடினார்கள் என்பது அதில் இல்லை. ஒன்றில் விட்டுப்போனது மற்றதில் கிடக்கிறது.

கொடை விழாக்களை, அதாவது ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் விழாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். சுடலைமாடனுக்கும் அம்மனுக்கும் கொடை பெரும்பாலும் பங்குனி, சித்திரை, வைகாசியில் வருகிறது. பிசானப் பருவத்து நெல்லை அறுத்துக் களத்து நெல் வீடு வந்து சேர்ந்திருக்கும் காலம் அது. கையில் நெல் இருந்தால்தான் கொடைக்கு ஊர் வரி பிரிக்க முடியும். வரி பிரிந்தால்தான் வில்லுக்கும் கணியானுக்கும் வெற்றிலை வைத்து அழைக்க முடியும். அப்படியானால் மருதூர் அணையில் தண்ணீர் குறைந்த ஆண்டில் கடைமடை ஊர்க் கொடை என்னவாயிற்று? தள்ளிப்போனதா, மூன்று நாள் கொடை ஒரு நாளாகச் சுருங்கியதா? இந்தக் கேள்வி உங்கள் இரண்டு நூலிலும் இல்லை. அதற்குப் பதில் சொல்லக்கூடிய முதியவர்கள் உங்கள் ஊரில் இன்னும் சிலர் இருப்பார்கள். பழைய வரிக் கணக்கு நோட்டுகள் கோவில் பெட்டியில் கிடந்தால் இன்னும் நல்லது. பொதுப்பணித் துறை ஆவணத்தில் இது கிடைக்காது.

கருவிகளைப் பற்றியும் விரிவாக எழுதுங்கள். வில்லின் தண்டான கதிருக்குப் பனை, வில்லுப்பாட்டில் தட்டும் குடத்துக்குக் குளத்து மண், கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற பறைக்குக் கன்றுத் தோல் என்று எல்லாம் சுற்றுவட்டாரத்தில் கிடைத்தவை. விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்களின் பாய்கூட ஆற்றங்கரைக் கோரைதான். பாய் நெய்யும் பத்தமடைக்காரர்களின் பிழைப்பும் அந்தக் கோரையை நம்பித்தான் இருந்தது. கோரை எந்தக் கரையில் எப்போது அழிந்தது, குயவர் மண் எடுத்த குளம் எப்போது வீட்டுமனை ஆனது என்று விசாரித்தால் உங்கள் சுற்றுச்சூழல் அத்தியாயம் தானாக எழுதப்பட்டுவிடும். மழை அளவு அட்டவணைகளைத் தயவுசெய்து பின்னிணைப்புக்குத் தள்ளுங்கள்.

டூரிங் டாக்கீஸ் அத்தியாயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்தது, பின்னால் இருந்தவர் அதைக் காலால் தட்டிவிட்டது எல்லாம் சுவையாக வந்திருக்கிறது. ஆனால் அந்த மணல் எந்த ஓடையிலிருந்து வண்டியில் வந்தது என்று ஒரு வரி இல்லையே! மின்சாரமும் அப்படித்தான். பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1944இல். ஆயில் எஞ்சினை நம்பிய கொட்டகைகள் எப்போது கரண்டுக்கு மாறின? அந்தக் கரண்டில் ஆற்றின் பங்கு எவ்வளவு? திரையில் படம் ஓடியதிலும் தாமிரபரணிக்கு ஒரு பங்கு இருந்தால் அதை இரண்டு பத்திக்காவது சொல்லலாம். 1955ஆம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் கொடுத்தவர் கலெக்டர். பழைய உரிமக் கோப்புகள் மிஞ்சியிருக்கின்றனவா என்று ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பம் போட்டுப் பாருங்கள்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். "அந்தக் காலத்தில் ஊரே ஒன்றாகக் கூடியது" என்று பல இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஊரே கூடியதா? கூத்துக் களத்தில் யார் முன்னால் பாய் விரித்தார்கள், யார் தள்ளி நின்று பார்த்தார்கள்? கணியான் சாமிக்காகத் தன் கையைக் கீறி ரத்தம் கொடுத்தார். அவருக்குச் சோறு எங்கே, எந்த இலையில் போட்டார்கள்? எந்தப் படித்துறையில் யார் குளிக்கலாம் என்பதும் இதே கேள்விதான். இதை விட்டுவிட்டு ஏக்கத்தை மட்டும் எழுதினால் அது உங்கள் தெருவின் வரலாறாகத்தான் இருக்கும்.

வெள்ளங்களை நீங்கள் தொட்டதோடு சரி. 1992 நவம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்தவர்கள் உங்களைச் சுற்றி இருக்கிறார்கள். 2023இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது செய்தித்தாளில் வந்துவிட்டது. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே எந்தக் குளங்கள் உடைந்தன, எந்த வில்லிசைக் கலைஞர் வீட்டில் குடமும் பாட்டு ஏடும் போயின என்பதை உள்ளூர்க்காரர்தான் விசாரித்து எழுத முடியும்.

கால்வாய்களும் கொடை நடக்கும் கோவில்களும் பழைய கொட்டகை இருந்த இடங்களும் ஒன்றாகத் தெரியும்படி கையால் ஒரு வரைபடம் போடுங்கள். அதைப் போட்டு முடித்ததும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள். அத்தியாயங்களைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்.